முன்பாரம்

என்னுடைய நாவல் ஒன்றில் கதாநாயகன் மலைப் பாதையில் ஒரே கையால் மோட்டாரை ஓட்டிக்கொண்டு போவான். மற்றொரு கையால் அவன் என்ன செய்தான் என்பது அந்தக் கதைக்கு வேண்டிய விஷயம், இங்கே வேண்டாம். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "தங்களுக்கு மோட்டார் சங்கதிகள் நன்றாகத் தெரியும் போலிருக்கிறது" என்று எழுதியிருந்தார். அவருக்கு நான் பதில் எழுதவில்லை. எனக்குச் சைக்கிளைத் தவிர வேறு எதுவும் ஓட்டத் தெரியாது. அதுவும் பின்னால் ஆள் உட்கார்ந்தால் தெரியாது.

அப்பேர்ப்பட்ட நான் 2024-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில், ஒரு காருக்குப் பின்னால் ஒரு வீட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு சுமார் 240 மைல் பிரயாணம் செய்தேன். ஓட்டியவர் மாப்பிள்ளை, அதாவது என் தங்கையின் கணவர். பயப்படுகிற பொறுப்பு மட்டும் என்னுடையது.

நான் அமெரிக்கா போனது ஊர் பார்ப்பதற்காக அல்ல, அப்பாவுக்காக. அம்மா காலமான பிறகு அப்பா இரண்டு வருஷமாக டென்வர் நகரத்தில் தங்கை வீட்டில் இருந்தார். எழுபத்தாறு வயது. திடீரென்று ஒரு நாள், "ஊருக்குப் போய் நம்ம வீட்டிலேயே தனியாக இருந்துகொள்கிறேன்" என்று சொல்லிவிட்டாராம். ஊர் என்றால் தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு கிராமம். வீடு பூட்டிக் கிடக்கிறது. கிணற்றடி பாசி பிடித்திருக்கிறது. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் அண்டை வீட்டில் ஆள் கிடையாது. "நீ வந்து பேசு அண்ணா. நான் சொன்னால் கேட்கவில்லை" என்று தங்கை டெலிபோனில் அழுதாள்.

யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்பது அப்பாவின் கொள்கை. பெண் வீட்டில் அதை ஒரு விரதமாகவே நடத்தி வந்தார். நாற்காலியில் முழுவதும் சாயாமல் நுனியில் உட்காருவார். குடித்த டம்ளரைத் தாமே கழுவிக் கவிழ்த்து வைப்பார். மற்றவர்கள் தூக்கம் கெடுமே என்று இரவில் விளக்கைப் போடாமல் இருட்டில் தடவிக்கொண்டு நடப்பார். என்ன வேண்டும் என்று கேட்டால், "ஒண்ணும் வேண்டாம்மா" என்பார்.

"இரண்டு வருஷத்தில் ஒரு நாள் கூடக் காப்பி நன்றாக இல்லை என்று அவர் சொன்னதில்லை, அண்ணா. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது" என்றாள் தங்கை. அம்மா இருந்தபோது காப்பிக்காக அந்த வீட்டில் தினமும் நடந்த யுத்தம் எங்கள் இருவருக்கும் தெரியும்.

இந்த இடத்தில் நான் ஒன்றை ஒப்புக்கொண்டுவிட வேண்டும். சென்னையில் என் வீட்டில் இரண்டே அறைகள். ஒன்றில் குழந்தைகள் படிக்கிறார்கள். இன்னொன்றில் நான் எழுதுகிறேன். அப்பா தனியாக இருக்கிறேன் என்று சொன்னார் என்று கேட்டபோது, ஐயோ என்று பதறினேன். அந்தப் பதற்றத்துக்கு அடியில், யாருக்கும் தெரியாமல், ஒரு சின்ன நிம்மதியும் இருந்தது. அதையும் பெட்டியோடு விமானத்தில் எடுத்துக்கொண்டுதான் போனேன்.

"வீட்டுக்குள்ளே உட்கார்ந்து பேசினா மாமா பிடி கொடுக்க மாட்டார், மச்சான். நாலு நாள் வெளியே கூட்டிக்கிட்டுப் போவோம்" என்றார் மாப்பிள்ளை. வெளியே என்று அவர் சொன்னது தெற்கே உள்ள மணல் மலைத் தேசியப் பூங்காவை. போவதற்கு, அவர் புதிதாக, அதாவது பழசாக, வாங்கியிருந்த டிரெய்லர்.

இந்த டிரெய்லர் என்பது சக்கரம் வைத்த இருபதடி வீடு. கட்டில், அடுப்பு, குழாய், கழிப்பறை எல்லாம் அதற்குள் உண்டு. அமெரிக்கர்களுக்கு இதில் ஒரு நூற்றாண்டு மோகம். வெள்ளி நிறக் கூண்டு வண்டிகளுக்குப் பேர்போன ஏர்ஸ்ட்ரீம் கம்பெனி 1931-ஆம் வருஷத்திலேயே பிறந்துவிட்டது. ஜான் ஸ்டைன்பெக் என்ற நாவலாசிரியர் 1960-இல் தம் நாயோடு தேசத்தைச் சுற்றினார். அவர் கெட்டிக்காரர், வீட்டை இழுக்காமல் சிறு லாரியின் முதுகிலேயே ஏற்றிக்கொண்டார். அந்தப் பிரயாணத்தைப் பற்றிய புத்தகம் 1962-இல் வந்தது. நோபல் பரிசும் அதே வருஷம் கிடைத்தது. எனக்கு இரண்டும் கிடைக்கவில்லையே என்ற வருத்தத்தோடு நான் டிரெய்லரைச் சுற்றி வந்தேன்.

இழுக்கப் போவது லாரி அல்ல. மாப்பிள்ளை தினமும் ஆபீசுக்கு ஓட்டிப் போகிற எஸ்.யு.வி. என்ற ரகம், காருக்கும் ஜீப்புக்கும் நடுவே நிற்கும் வண்டி, அதிலும் நடுத்தர அளவு. 5,000 ராத்தல் இழுக்கும் என்று விற்றவர் சொல்லியிருந்தார். நம் கணக்கில் சுமார் 2,270 கிலோ. ஆனால் ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவைத் திறந்தால், சட்டத்தில் ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருக்கிறது. ஆட்களும் சாமான்களும் சேர்ந்து 1,350 ராத்தலுக்கு மேல் போகக் கூடாது என்கிறது அது. டிரெய்லர் காரின் மேல் சாய்கிற பாரமும் இந்தக் கணக்கில்தான் சேரும். பெரிய எண்ணை எல்லோரும் நினைவு வைத்துக்கொள்கிறார்கள். சின்ன எண் கதவுச் சந்தில் ஒளிந்துகொண்டிருக்கிறது.

கிளம்புகிற அன்று காலையில் மாப்பிள்ளை டிரெய்லரைக் காரோடு பூட்டினார். டிரெய்லரின் முன்புறம் நீண்டிருக்கும் இரும்புக் கைக்கு நாக்கு என்று பெயர். காரின் பின்னால் இரண்டு அங்குலத்தில் ஓர் இரும்புக் குண்டு. நாக்கின் நுனியில் உள்ள கிண்ணம் அந்தக் குண்டின் மேல் கவிழ்ந்து உட்காரும். அதற்கு அடியில் இரண்டு சங்கிலிகளைக் குறுக்காக, தூளி கட்டுவது போலக் கட்டினார். எப்போதாவது குண்டு கழன்றால் நாக்கு ரோட்டில் குத்திக்கொள்ளாமல் அந்தத் தூளியில் விழுமாம். இன்னொரு மெல்லிய கம்பி. டிரெய்லர் பிய்த்துக்கொண்டு போனால் அந்தக் கம்பி ஓர் ஆணியைப் பிடுங்கும். உடனே டிரெய்லரின் பிரேக்கு தானாகவே பிடித்துக்கொள்ளும். அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார். "கடையாணி மாதிரி" என்று மட்டும் சொன்னார்.

சாமான் ஏற்றியது நான். டிரெய்லரின் கடைசியில் ஒரு பெரிய அலமாரி இருந்தது. அரிசி மூட்டை, மாவரைக்கும் கிரைண்டர், பாத்திரங்கள், நண்பர்களுக்குக் கொடுப்பதற்காக நான் சென்னையிலிருந்து சுமந்து வந்த என் புத்தகங்கள், எல்லாவற்றையும் அதில் அடைத்தேன். ஏறக்குறைய 150 ராத்தல். போகிற இடத்தில் தண்ணீர் எப்படியோ என்று தங்கை கவலைப்பட்டதால், மாப்பிள்ளை டிரெய்லரின் பின்பகுதியில் அடியில் இருந்த தொட்டியையும் நிரப்பிவிட்டார். 30 காலன், 250 ராத்தல். அப்பா இதையும் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். "என்னப்பா?" என்றேன். "ஒண்ணுமில்லே" என்றார்.

டென்வரிலிருந்து தெற்கே போகும் பெருஞ்சாலையில் மானுமென்ட் மேடு என்று ஓர் இடம் வருகிறது. 7,352 அடி உயரம். ஏற்றம் ஒன்றும் தெரியவில்லை. பெட்ரோல்தான் காலனுக்குப் பாதி மைல் கொடுத்தது. ஒரு சுவரைக் காற்றில் இழுத்துக்கொண்டு போகிறோம் அல்லவா? மேட்டைத் தாண்டி இறக்கத்தில் மணிக்கு 65 மைல் வேகம். அப்போது ஒரு நீண்ட லாரி எங்களைத் தாண்டிப் போயிற்று. முதலில் அதன் காற்று எங்களை வெளியே தள்ளியது. பிறகு உள்ளே இழுத்தது.

அவ்வளவுதான். பின்னால் டிரெய்லர் ஒரு முறை இடது பக்கம் போயிற்று. பிறகு வலது பக்கம். மூன்றாவது முறை காரின் பின்புறத்தையே பிடித்து இழுத்தது. கயிற்றில் கட்டின முரட்டுக் கன்று பிடித்தவனை இழுத்துக்கொண்டு திமிறுமே, அந்த மாதிரி. ஒவ்வொரு தடவையும் ஆட்டம் பெரிதாகிக்கொண்டே போயிற்று. "ஊஞ்சல் மாதிரி இருக்கு!" என்றாள் எட்டு வயது மருமகள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் கதாநாயகன் என்ன செய்திருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை.

மாப்பிள்ளை பிரேக்கை மிதிக்கவில்லை. மிதித்திருந்தால் முன்னால் கார் நின்று, பின்னால் டிரெய்லர் அதன் மேல் முட்டித் திருகி, இரண்டும் மடங்கியிருக்கும் என்று பிற்பாடு சொன்னார். பெட்ரோல் மிதியிலிருந்து காலை எடுத்தார். ஸ்டீரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டார். ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பவில்லை. வலது கையால் காரின் முகப்பில் இருந்த ஒரு சின்ன விசையைத் தள்ளினார். அது டிரெய்லருக்கு மட்டும் பிரேக்குப் போடுகிற விசை. பின்னால் யாரோ வாலைப் பிடித்து இழுத்தது போல டிரெய்லர் நேராயிற்று. ஓரமாக நிறுத்தினார். வெகு நேரம் யாரும் பேசவில்லை.

முதலில் பேசியது அப்பா. "காலையிலேயே பார்த்தேன். பின்பாரமா இருக்கேன்னு தோணுச்சு. நமக்கெதுக்குன்னு இருந்துட்டேன்."

தங்கை திரும்பினாள். அவள் அப்பாவிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. "நமக்கெதுக்கா? குழந்தை இருக்கா இதிலே. நாங்க இருக்கோம். நீங்க இருக்கீங்க. உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொன்னா எங்களுக்குப் பாரமாயிடுமா அப்பா?" என்றாள். அப்புறம் அழுதாள். அப்பா பதில் சொல்லவில்லை. கைகள் முழங்காலின் மேல் நடுங்கிக்கொண்டிருந்தன.

நாற்பது மைல் வேகத்தில் ஊர்ந்து, கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊரைத் தாண்டி, லாரிக்காரர்கள் தங்குகிற ஓரிடத்துக்குப் போனோம். அங்கே எடைமேடை உண்டு. கொஞ்சம் பணம் கொடுத்தால் ஒவ்வோர் அச்சின் பாரத்தையும் தனித்தனியாகச் சீட்டில் அடித்துக் கொடுக்கிறார்கள். முதலில் டிரெய்லரோடு ஏற்றினார் மாப்பிள்ளை. பிறகு டிரெய்லரைக் கழற்றி ஓரத்தில் விட்டுவிட்டுக் காரை மட்டும் ஏற்றினார். இரண்டையும் கழித்துப் பார்த்தால், டிரெய்லர் காரின் மேல் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

டிரெய்லரின் மொத்த எடை 3,900 ராத்தல். கார் இழுக்கக் கூடியதுதான். ஆனால் நாக்கின் மேல் விழுந்த பாரம் 190 ராத்தல். நூற்றுக்கு ஐந்து கூட இல்லை.

"பத்திலிருந்து பதினைஞ்சு இருக்கணும். வாங்கின அன்னிக்கே நான் எடை போட்டிருக்கணும், என் தப்பு" என்றார் மாப்பிள்ளை. "இழுக்கிற வண்டி மேலே கொஞ்சம் பாரம் விழுந்தே ஆகணும், மாமா. ரொம்ப விழுந்தா காரோட முதுகு உட்கார்ந்து, முன் சக்கரம் தரையைச் சரியாப் பிடிக்காது. ஒண்ணுமே விழலைன்னா, அது பாட்டுக்குப் பின்னாலே தனியா ஆட ஆரம்பிச்சுடும். பாரம் கொடுக்காத டிரெய்லர்தான் ஆபத்து."

அப்பா அந்தச் சீட்டை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"மாட்டு வண்டியும் இதேதான், மாப்பிள்ளை" என்றார். "முன்பாரம் ஜாஸ்தியானா மாட்டுக்குக் கழுத்துப் புண்ணாயிடும். பின்பாரமானா ஏர்க்கால் மேலே தூக்கும். பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். மாடு மூச்சுத் திணறும். நுகத்தடி கழுத்து மேலே படிஞ்சு உட்காரணும். மாடு வண்டியைத் தூக்கவும் கூடாது, வண்டி மாட்டைத் தூக்கவும் கூடாது. கூண்டு வண்டியிலே ஆள் ஏறினா, 'முன்னாலே தள்ளி உட்காருங்க' என்போமே, எதுக்கு?"

இரண்டு வருஷத்தில் அப்பா இவ்வளவு பேசியதில்லை என்று தங்கை பிற்பாடு சொன்னாள்.

அதன் பிறகு அந்த இடத்தில் எஜமானர் அப்பாதான். அரிசியை இறக்கு, கிரைண்டரை அச்சுக்கு முன்னால் வை, துணி போன்ற லேசான சாமான் பின்னால் போகட்டும் என்று அதிகாரம் தூள் பறந்தது. "இது என்ன கனம்? கல்லா?" என்று என் புத்தக மூட்டையைக் காலால் தட்டினார். விமர்சகர்கள் சொன்னதைவிட இது எனக்கு உறைத்தது. தொட்டித் தண்ணீரைத் திறந்து விட்டபோது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நல்ல தண்ணீர் தரையில் ஓடுவதை அவரால் பார்க்க முடியாது.

மறுபடியும் எடை போட்டோம். டிரெய்லர் 3,650 ராத்தல். நாக்கின் மேல் 440. நூற்றுக்குப் பன்னிரண்டு. எங்கள் ஐந்து பேர் எடையோடு அதைக் கூட்டிப் பார்த்தோம். கதவுச் சந்துச் சீட்டின் கணக்குக்குள் மயிரிழையில் அடங்கியது. "கிளம்பலாம்" என்றார் அப்பா.

அப்புறம் 55 மைலுக்கு மேல் மாப்பிள்ளை போகவில்லை. இன்னும் எத்தனையோ லாரிகள் எங்களைத் தாண்டின. ஒவ்வொன்றும் தாண்டும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். டிரெய்லர் ஒரு தடவை தலையை அசைத்துவிட்டுச் சும்மா வந்தது. 9,413 அடி உயரத்திலுள்ள வடக்கு லா வேட்டா கணவாயில் ஏறியபோது காற்று மெலிந்து எஞ்சின் முனகியது. இறங்கும்போது மாப்பிள்ளை தாழ்ந்த கியரில் போட்டார். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டது, பிரேக்கு சூடாகவில்லை. சாயங்காலம் மணல் மலை போய்ச் சேர்ந்தோம்.

பனி மூடிய மலைகளின் அடிவாரத்தில், எழுநூறு அடிக்கு மேல் உயர்ந்த மணல் குன்றுகள். வட அமெரிக்காவிலேயே இவைதான் உயரமானவை. அவற்றின் காலடியில் மெடானோ என்ற ஓடை, பனி உருகும் மாதங்களில் மட்டும் ஓடுகிறது. மணலில் அகலமாகப் பரவி, கணுக்கால் அளவு. தண்ணீருக்கு அடியில் மணல் வரப்பு வரப்பாகச் சேர்கிறது. பாரம் தாங்காமல் வரப்பு உடைந்ததும் ஒரு சின்ன அலை கிளம்பி வருகிறது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. கடல் இல்லாத இடத்தில் அலை!

அப்பா கரையில் நின்று பார்த்தார். கோடையில் திறந்து விட்ட புதுத் தண்ணீரும் மணலும் அவருக்குப் பழக்கமான காட்சிதான். இறங்க வேண்டும் என்று அவருக்கு ஆசை, எனக்குத் தெரிந்தது. ஆனால் அந்த இடமே எட்டாயிரம் அடி உயரம், மூச்சு வாங்கியது. மணல் காலை உள்ளே இழுத்தது. வழக்கமான அப்பாவானால், "நீங்க போங்க, நான் இங்கேயே இருக்கேன்" என்றிருப்பார்.

கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலேயே, "தோளைக் கொடுடா" என்றார்.

என் தோளில் கையை வைத்தார். முதலில் தொட்டும் தொடாமலும் வைத்தார். இரண்டடி போனதும் மணலில் கால் தடுமாறியது. அப்புறம் நன்றாகவே சாய்ந்தார். அவர் எடை இவ்வளவு குறைந்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இவ்வளவு லேசான பாரத்தைச் சுமக்க மனமில்லாமலா சென்னையிலிருந்து அந்த நிம்மதியைக் கொண்டுவந்தேன் என்று வெட்கமாக இருந்தது. நல்லவேளை, அப்பா தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரிடம் பேச வேண்டும் என்று நான் தயாரித்து வைத்திருந்த பிரசங்கம் எதையும் பேசவில்லை. "என்னோடு சென்னைக்கு வாருங்கள் அப்பா. இடம் நெருக்கடிதான். நான் எழுதுகிற அறையில் உங்கள் கட்டில்" என்றேன்.

"உனக்கு எழுதத் தொந்தரவா இருக்குமே?"

"கொஞ்சம் இருக்கும்" என்றேன்.

அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருக்க வேண்டும். "சரி" என்றார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா பின்னால் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். மின்விசிறி வேகம் போதவில்லை என்று ஒரு தடவையும், பேனா கீறுகிற சத்தம் காதில் விழுகிறது என்று ஒரு தடவையும் சொல்லியாகிவிட்டது. சற்று முன்னால் காப்பி வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை டக்கென்று வைத்தார்.

"இது என்ன, காப்பியா, கழுநீரா?"

உள்ளேயிருந்து என் மனைவி என்னைப் பார்த்தாள். நூற்றுக்குப் பன்னிரண்டு என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு, வேறு காப்பி போடச் சொன்னேன்.